சின்னச் சிக்கலை ஆங்கிலத்தில் சொல்வது எப்படி? அளவு பார்த்துச் சொல்ல ஒரு முழுமையான வழிகாட்டி

‘ஒண்ணுமில்ல, ஒரு சின்ன விஷயம்…’ என்று யாராவது இழுத்தால் நமக்கு உடனே வயிற்றைக் கலக்கும். கடன் கேட்கப் போகிறாரா, கல்யாணம் நின்றுவிட்டதா என்று மனசு ஓட ஆரம்பித்துவிடும். தமிழில் இந்த விளையாட்டு நமக்கு அத்துப்படி. ‘வண்டி லேசா மக்கர் பண்ணுது’ என்பதற்கும் ‘வண்டி படுத்துடுச்சு’ என்பதற்கும் என்ன வித்தியாசம் என்று யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை.

ஆங்கிலத்துக்குப் போனதும் நம்மில் பலர் கையில் மிஞ்சுவது ஒரே சொல்: ப்ராப்ளம். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் ப்ராப்ளம், சர்வர் மொத்தமாக விழுந்தாலும் ப்ராப்ளம். லண்டனிலோ டெக்சாஸிலோ உட்கார்ந்து மெயிலைப் படிப்பவருக்கு எதற்குப் பதற வேண்டும், எதற்குத் தோளைக் குலுக்கிவிட்டுப் போகலாம் என்று தெரியாது. இன்னொரு கோஷ்டி இருக்கிறது. ‘அன்றாட ஆங்கிலச் சொற்றொடர்கள் ஐம்பது’ வகை வீடியோவைப் பார்த்துவிட்டு, கிடைத்த இடத்திலெல்லாம் ‘ஃப்ளை இன் தி ஆயின்ட்மென்ட்’ என்று தூவுகிறவர்கள். இரண்டாவது கோஷ்டியைத் திருத்துவதுதான் கடினம்.

இந்த வழிகாட்டியில் ஆங்கிலத் தொடர்களை உச்சரிப்புப்படி தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டுப் படியுங்கள். இவற்றில் பெரும்பாலானவை பேச்சில் பிறந்தவை; கண்ணால் மட்டும் படித்தால் நாக்கில் ஒட்டாது.

படி 1: வாயைத் திறக்கும் முன் அளவு பாருங்கள்

சொல்லைத் தேடுவதற்கு முன்னால் உங்களையே மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். இதனால் யாருடைய வேலையாவது நின்றுபோயிருக்கிறதா? இது தானாகச் சரியாகிவிடுமா, இல்லை யாராவது கை வைத்தால்தான் நகருமா? எப்போது சரியாகும் என்று உங்களால் சொல்ல முடியுமா?

யாருடைய வேலையும் நிற்கவில்லை, கொஞ்ச நேரத்தில் போய்விடும் என்றால் அது தடங்கல். நின்றிருக்கிறது, ஆனால் எதை எடுத்தால் ஓடும் என்று தெரியும் என்றால் அது முட்டுக்கட்டை. இந்த இரண்டும்தான் இந்த வழிகாட்டிக்குள் வரும். வேலையும் நின்றிருக்கிறது, காரணமும் தெரியவில்லை, எப்போது சரியாகும் என்றும் தெரியவில்லை என்றால் அது சின்னச் சிக்கலே அல்ல. அதற்கு இங்கே உள்ள எந்தச் சொல்லும் பொருந்தாது. நேராகப் படி 8-க்குப் போய்விடுங்கள்.

படி 2: சொல்லைத் தேர்ந்தெடுங்கள்

அடிக்கடி காதில் விழுபவை ஆறு: ஹிக்கப், ஸ்னாக், ஹிட்ச், கிளிட்ச், பக், டீத்திங் ப்ராப்ளம்ஸ். எல்லாவற்றுக்கும் அகராதி ‘சிறு இடையூறு’ என்றுதான் பொருள் சொல்லும். ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் கேட்பவர் ஒரு நொடி தடுமாறுவார்.

ஹிக்கப் என்றால் விக்கல். விக்கலுக்கு யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. தண்ணீர் குடித்தால் நிற்கும், குடிக்காவிட்டாலும் நிற்கும். வந்தது, போய்விட்டது அல்லது போய்க்கொண்டிருக்கிறது என்ற நிலைக்கு மட்டுமே இந்தச் சொல். ‘தேர் வாஸ் எ ஸ்மால் ஹிக்கப் வித் த பேமென்ட், பட் இட்ஸ் கான் த்ரூ நௌ’. பணம் போவதில் சின்னத் தடங்கல், இப்போது போய்விட்டது. மூன்று நாளாகப் பணம் போகவில்லை என்றால் அதை ஹிக்கப் என்று சொல்லாதீர்கள். கேட்பவருக்குக் கோபம்தான் வரும்.

ஸ்னாக் வேறு ஜாதி. ஆற்றுப் படுகையில் விழுந்து சேற்றில் புதைந்து கிடக்கும் மரத்துண்டுக்கு அமெரிக்காவில் அந்தப் பெயர். மிசிசிப்பியில் நீராவிப் படகுகள் ஓடத் தொடங்கிய காலத்தில் அடிப்பகுதியைக் கிழித்துப் படகையே கவிழ்த்தவை இந்த மரங்கள்தான். அவற்றைப் பிடுங்கி எறிவதற்கென்றே ஹென்றி ஷ்ரீவ் என்பவர் 1829-ல் ஹீலியோபோலிஸ் என்ற தனிப் படகைக் கட்டினார். லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட் நகரம் அவர் பெயரில்தான் இருக்கிறது. இந்தக் கதையை மனசில் வைத்துக்கொண்டால் சொல்லின் பயன்பாடும் மறக்காது. ஸ்னாக் தானாகப் போகாது, யாராவது பிடுங்க வேண்டும். அதனால்தான் ‘வி ஹேவ் ஹிட் எ ஸ்னாக்’ என்று மோதிய கணக்கில் சொல்கிறார்கள். ‘வி ஹேவ் ரன் இன்டு எ ஸ்னாக்’ என்பதும் அதே கணக்குதான். அனுமதிக் கடிதம் வரவில்லை, உதிரிபாகம் தீர்ந்துவிட்டது, ஒருவர் கையெழுத்துப் போட மறுக்கிறார் என்பவையெல்லாம் ஸ்னாக்.

பிரிட்டனில் இதற்கு இன்னொரு வாழ்க்கையும் உண்டு. புது வீட்டுச் சாவி வாங்கும்போது பெயின்ட் உரிந்திருப்பது, கதவு உரசுவது, டைல்ஸ் ஆடுவது போன்ற குறைகளைக் குறித்துக் கட்டுநரிடம் கொடுக்கும் பட்டியலுக்கு ‘ஸ்னாகிங் லிஸ்ட்’ என்று பெயர். லண்டன் பக்கம் வீடு வாங்கப் போகிறவர்களுக்கு இது சோறு போடும் சொல். ஆஸ்திரேலியாவிலோ ஸ்னாக் என்றால் அடுப்பில் சுடும் சாசேஜ். அங்கே போய் வெறுமனே ‘எனி ஸ்னாக்ஸ்?’ என்று கேட்டால் தட்டில் வைத்துத் தருவார்கள்.

ஹிட்ச் பெரும்பாலும் திட்டத்தோடு ஒட்டிக்கொண்டு வரும்: நிகழ்ச்சி, பயணம், விழா. ‘எ ஸ்லைட் ஹிட்ச் இன் த பிளான்’ என்று சொல்லலாம். ஆனால் இதன் உண்மையான இருப்பிடம் எதிர்மறைத் தொடர்: ‘எவ்ரிதிங் வென்ட் ஆஃப் விதவுட் எ ஹிட்ச்’. ஒரு தடங்கலும் இல்லாமல் ஜாம்ஜாமென்று முடிந்தது என்பது அதற்கு நிகர்.

கிளிட்ச், பக் இரண்டும் இயந்திரத்தின் வீட்டுக்காரர்கள். கிளிட்ச் என்பதை அமெரிக்க விண்வெளி வீரர் ஜான் க்ளென் 1962-ல் வெளியான நூலில் விளக்கியிருக்கிறார்: மின்சுற்றில் மின்னழுத்தம் திடீரென்று எகிறுவது. வந்த வேகத்தில் போய்விடும், ஏன் வந்தது என்றும் தெரியாது. இன்றைக்கும் அதே பொருள்தான். ஏடிஎம் ஒருமுறை கார்டைத் துப்பிவிட்டு அடுத்தமுறை ஒழுங்காகப் பணம் தந்தால் கிளிட்ச். பக் அப்படியல்ல, அது நிரலுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். அதே பொத்தானை அழுத்தினால் அதே தப்பு மறுபடி நடக்கும். சாஃப்ட்வேர் கம்பெனியில் இருப்பவர்கள் இந்த வித்தியாசத்தைக் கறாராகப் பிடித்துக்கொள்ள வேண்டும். ‘இட்ஸ் ஜஸ்ட் எ கிளிட்ச்’ என்று நீங்கள் எழுதினால், நாங்கள் எதையும் திருத்தப் போவதில்லை என்றுகூடக் கிளையன்ட் அர்த்தம் எடுத்துக்கொள்ளலாம். ‘வி ஹேவ் ஃபவுண்ட் எ பக்’ என்றால் பிடித்துவிட்டோம், அடிக்கப் போகிறோம் என்று பொருள்.

1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டின் மார்க் 2 கணினிக்குள் நிஜமான விட்டில்பூச்சி ஒன்று சிக்கி, அதைப் பதிவேட்டில் ஒட்டிவைத்த கதையைப் பலரும் கேட்டிருப்பீர்கள். பக் என்ற சொல் அன்றைக்குத்தான் பிறந்தது என்று அதோடு சேர்த்துச் சொல்வது மட்டும் தப்பு. தாமஸ் எடிசன் 1878-லேயே தன் கடிதத்தில் சின்னக் கோளாறுகளை அப்படித்தான் அழைத்திருக்கிறார். பதிவேட்டில் ‘உண்மையிலேயே பூச்சி அகப்பட்ட முதல் நிகழ்வு’ என்று அவர்கள் எழுதிவைத்ததே, சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்ததால் வந்த நகைச்சுவை.

டீத்திங் ப்ராப்ளம்ஸ், குழந்தைக்குப் பல் முளைக்கும்போது வரும் அவஸ்தை. புதிதாகத் தொடங்கிய எதற்கும் பொருந்தும்: புது ஆப், புதுக் கடை, புதிதாகத் திறந்த மெட்ரோ பாதை. ஐந்து வருடம் ஓடிய சிஸ்டத்துக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்கள். பிரிட்டனில் அதிகம் கேட்கலாம்.

இவை தவிர, ‘எ பம்ப் இன் த ரோட்’ என்பது நீண்ட பயணத்தில் ஒரு குலுங்கல். வேலை நிற்காது, ஓடிக்கொண்டேதான் இருக்கும். ‘எ பிட் ஆஃப் எ பிக்கிள்’ தர்மசங்கடத்துக்கு: ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு முழிக்கிறோமே, அந்த மாதிரி. நண்பர்களிடம் பேசலாம், ஆபீஸ் மெயிலில் வேண்டாம். ‘ஃப்ளை இன் தி ஆயின்ட்மென்ட்’ பைபிளிலிருந்து வந்தது. பிரசங்கி 10-ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தில், செத்த ஈக்கள் பரிமளத் தைலத்தையே நாறவைத்துவிடும் என்று வருகிறது. மற்ற எல்லாம் பிரமாதமாக இருக்க, ஒன்றே ஒன்று கெடுக்கிறது என்ற இடத்தில் மட்டும்தான் அது உட்காரும். வீடு அருமை, வாடகை சரி, மாடியில் இருப்பவர் டிரம்ஸ் வாசிக்கிறார். எல்லாமே மோசம் என்றால் ஈயைக் குறை சொல்லிப் பயனில்லை.

படி 3: வாக்கியச் சட்டத்தைச் சரியாகப் பிடியுங்கள்

சொல் சரியாக இருந்தும் வாக்கியம் நொண்டுவது நம்மிடம் அதிகம். காரணம் தமிழின் ‘-வதில்’ என்ற அமைப்பு. ‘ஃபைலைத் திறப்பதில் சிரமமாக இருக்கிறது’ என்பதை மனசுக்குள் மாற்றி ‘ஐ ஹேவ் ட்ரபிள் டு ஓப்பன் த ஃபைல்’ என்று எழுதிவிடுகிறோம். ட்ரபிளுக்குப் பின்னால் ‘டு’ வராது. ‘ஐ அம் ஹேவிங் ட்ரபிள் ஓப்பனிங் த ஃபைல்’ என்று ‘-இங்’ தான் வர வேண்டும். ‘ஹேவிங் டிஃபிகல்ட்டி லாகிங் இன்’, ‘ஹேவிங் எ ஹார்ட் டைம் ஃபைண்டிங் த பிளேஸ்’ எல்லாம் இதே குடும்பம். இந்தப் பொருளில் ட்ரபிளுக்கு முன்னால் ‘எ’ போடக்கூடாது. ‘எ பிட் ஆஃப் ட்ரபிள்’ என்று சொல்லலாம்.

அடுத்தது ‘ஐ கான்ட் சீம் டு…’ என்ற சட்டம். என் மதிப்பில் இந்த வழிகாட்டியிலேயே விலைமதிப்புள்ளது இதுதான். ‘ஐ கான்ட் ஓப்பன் த லிங்க்’ என்றால் உங்கள் லிங்க் ஓட்டை என்ற தொனி லேசாக வரும். ‘ஐ கான்ட் சீம் டு ஓப்பன் த லிங்க்’ என்றால், என்னமோ தெரியவில்லை, எனக்குத் திறக்க மாட்டேன் என்கிறது, தப்பு என் பக்கமாகக்கூட இருக்கலாம் என்று ஆகிவிடுகிறது. யாரையும் குறை சொல்லவில்லை, வேலையும் நடக்கும்.

மக்கர் பண்ணுவதற்கு ஆங்கிலத்தில் கச்சிதமான இணை உண்டு. பிரிட்டிஷ்காரர்கள் ‘ப்ளேயிங் அப்’ என்பார்கள், அமெரிக்கர்கள் ‘ஆக்டிங் அப்’. ‘மை லேப்டாப் இஸ் ஆக்டிங் அப் அகெய்ன்’. முழங்கால் வலிக்கும் இதையே சொல்லலாம், அடம்பிடிக்கும் பிள்ளைக்கும் சொல்லலாம். நம்மூர் ‘படுத்துது’ போலவே இதற்கும் ஆள், பொருள், உடம்பு என்ற பேதம் கிடையாது.

ஒரு எச்சரிக்கை. ‘ஐ ஹேவ் எ ப்ராப்ளம் வித் த ரிப்போர்ட்’ என்றால் ரிப்போர்ட் திறக்கவில்லை என்றும் கொள்ளலாம், அதில் எழுதியிருப்பதை நான் ஏற்கவில்லை என்றும் கொள்ளலாம். ‘வித்’துக்குப் பின்னால் ஆள் பெயர் வந்தால் சண்டைதான். ‘டூ யூ ஹேவ் எ ப்ராப்ளம்?’ என்று அன்போடு விசாரிப்பதாக நினைத்துக் கேட்டால், எதிராளிக்கு ‘என்னடா, என்ன வேணும்?’ என்று சட்டையைப் பிடித்த மாதிரி கேட்கும். உதவத்தான் கேட்கிறீர்கள் என்றால் ‘இஸ் எவ்ரிதிங் ஆல் ரைட்?’ போதும்.

படி 4: சொல்லைச் சின்னதாக்குங்கள், உண்மையைச் சின்னதாக்காதீர்கள்

‘எ பிட்’, ‘ஸ்லைட்’, ‘ஸ்மால்’, ‘மைனர்’ என்ற அடைமொழிகள் காரத்தைக் குறைப்பவை. ஒரு வாக்கியத்துக்கு ஒன்று போதும். ‘ஜஸ்ட் எ ஸ்மால் மைனர் லிட்டில் இஷ்யூ’ என்று அடுக்கினால் நீங்கள் எதையோ மறைக்கிறீர்கள் என்பது குழந்தைக்கும் தெரியும்.

இந்த அடைமொழிகளின் முழுச் சக்தியும் முழு ஆபத்தும் தெரிய வேண்டுமானால் இரண்டு சம்பவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

1982 ஜூன் 24 இரவு. லண்டனிலிருந்து ஆக்லாந்து நோக்கிப் போய்க்கொண்டிருந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் 9 விமானம், ஜாவா தீவின் காலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் நுழைந்துவிட்டது. நான்கு இன்ஜின்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. கேப்டன் எரிக் மூடி மைக்கை எடுத்துப் பயணிகளிடம் பேசினார்: ‘வி ஹேவ் எ ஸ்மால் ப்ராப்ளம்’. அடுத்த வாக்கியமே, ‘ஆல் ஃபோர் இன்ஜின்ஸ் ஹேவ் ஸ்டாப்ட்’. அதற்கடுத்து, அவற்றை மறுபடி ஓடவைக்க முடிந்ததையெல்லாம் செய்துகொண்டிருக்கிறோம் என்றார். கடைசியாக, நீங்கள் ரொம்பவும் கலங்கிப்போயிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன் என்றார். இன்ஜின்கள் திரும்ப உயிர்பெற்று விமானம் ஜகார்த்தாவில் பத்திரமாக இறங்கியது.

பிரிட்டிஷ்காரர்களின் அடக்கி வாசிக்கும் குணத்துக்கு உதாரணமாக இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். நான் பார்ப்பது வேறு. ‘ஸ்மால் ப்ராப்ளம்’ என்றவர் அதோடு நிறுத்தவில்லை. அடுத்த மூச்சிலேயே நான்கு இன்ஜினும் நின்றுவிட்டன என்று எண்ணிச் சொன்னார். சொல் குரலை நிதானப்படுத்தியது. தகவல் ஒரு இன்ஜின்கூடக் குறையவில்லை.

அதற்கு முப்பத்தோரு வருடம் முந்தைய கதை இன்னொன்று. 1951 ஏப்ரல், கொரியப் போர், இம்ஜின் ஆற்றங்கரை. பெரும் சீனப் படையின் தாக்குதலில் பிரிட்டனின் க்ளோஸ்டர்ஷயர் படைப்பிரிவு சுற்றி வளைக்கப்பட்டிருந்தது. பிரிகேடியர் டாம் ப்ரோடியிடம் நிலைமையை விசாரித்தார் மேலே இருந்த அமெரிக்கத் தளபதி. ‘எ பிட் ஸ்டிக்கி, திங்ஸ் ஆர் ப்ரெட்டி ஸ்டிக்கி டௌன் தேர்’ என்று ப்ரோடி பதில் சொன்னதாகச் சொல்வார்கள். இன்னொரு பிரிட்டிஷ்காரர் கேட்டிருந்தால் தலைக்கு மேல் வெள்ளம் என்று புரிந்திருக்கும். அமெரிக்கருக்கோ, கொஞ்சம் கஷ்டம்தான், ஆனாலும் சமாளிக்கிறார்கள் என்று கேட்டது. பின்வாங்கும் உத்தரவு தாமதமாயிற்று. அந்தப் படைப்பிரிவில் மிகப் பெரும்பாலோர் சிறைப்பட்டார்கள். அங்கே ஸ்டிக்கி என்ற சொல்லுக்குப் பின்னால் எண்ணிக்கை எதுவும் வரவில்லை.

ஆகவே சின்னச் சொல் ஒன்றைப் போட்டால் அடுத்த வாக்கியத்தில் எண்ணோ, நேரமோ, பொருளின் பெயரோ கட்டாயம் வர வேண்டும். ‘ஸ்லைட் டிலே’ என்று எழுதி முற்றுப்புள்ளி வைக்காதீர்கள். ‘ஸ்லைட் டிலே, அபவுட் ட்வென்ட்டி மினிட்ஸ்’ என்று எழுதுங்கள்.

படி 5: ஒரு மெயிலைப் பிரித்துப் பார்ப்போம்

கோயம்புத்தூரில் பம்ப் உதிரிபாகம் செய்யும் சின்னத் தொழிற்சாலை. மான்செஸ்டரில் இருக்கும் வாடிக்கையாளருக்கு வெள்ளிக்கிழமை சரக்கு கிளம்ப வேண்டும். பேக்கிங் முடிந்தது, சான்றிதழ் மட்டும் வரவில்லை. இப்படி ஒரு மெயில் போகிறது என்று வையுங்கள்:

‘டியர் சர், சம் ப்ராப்ளம் இஸ் தேர் இன் டெஸ்பாட்ச். வி ஆர் ட்ரையிங் அவர் லெவல் பெஸ்ட். கைண்ட்லி அட்ஜஸ்ட்.’

மூன்று வாக்கியம், ஒரு தகவல்கூட இல்லை. என்ன பிரச்சினை என்றும் தெரியாது, எப்போது கிளம்பும் என்றும் தெரியாது. ‘அட்ஜஸ்ட்’ என்பது பஸ்ஸில் பக்கத்து சீட்காரரிடம் சொல்வது. மான்செஸ்டர்காரர் எதைத் திருகி அட்ஜஸ்ட் செய்வார்?

இதையே இப்படி எழுதலாம்:

‘வி ஹேவ் ஹிட் எ ஸ்மால் ஸ்னாக் வித் யுவர் ஆர்டர். த குட்ஸ் ஆர் பேக்ட் அண்ட் ரெடி, பட் வி ஆர் ஸ்டில் வெயிட்டிங் ஃபார் த டெஸ்ட் சர்ட்டிஃபிகேட். வி எக்ஸ்பெக்ட் இட் ஆன் மண்டே மார்னிங் அண்ட் வில் ஷிப் த சேம் டே. சாரி ஃபார் த டிலே. ஐ வில் கன்ஃபர்ம் அஸ் சூன் அஸ் இட் லீவ்ஸ்.’

முதல் வாக்கியம் அளவு சொல்கிறது. இரண்டாவது, எது தயார், எது தயாரில்லை என்று பிரிக்கிறது. ‘பேக்ட் அண்ட் ரெடி’ என்பதுதான் படிப்பவரின் தோளை இறக்கும் இடம். மூன்றாவதில் நாள் இருக்கிறது. மன்னிப்பு ஒரே முறை, அதுவும் சும்மா நில்லாமல் அடுத்து என்ன செய்வேன் என்பதோடு சேர்ந்து வருகிறது. நம்மவர்கள் மன்னிப்பை மூன்று முறை கேட்பார்கள், தேதியை ஒருமுறைகூடச் சொல்ல மாட்டார்கள்.

ஸ்னாக் இங்கே பொருந்துகிறது, ஏனென்றால் சான்றிதழ் வந்தால்தான் நகரும். ஹிக்கப் என்று போட்டிருந்தால் சரக்கு ஏற்கெனவே கிளம்பிவிட்டது போல ஒலிக்கும்.

போனில் என்றால் ஒரு வரி கூடும். தேடிப் பார்த்துச் சொல்ல நேரம் வேண்டும்போது ‘பேர் வித் மீ எ மொமென்ட்’ என்பார்கள், சற்றுப் பொறுங்கள் என்று. எழுத நேர்ந்தால் கரடிக்கு எழுதும் அதே எழுத்துகள்தான். ஒலி ஒன்றாக இருக்கிறதே என்று மற்ற ‘பேர்’ போட்டால், என்னோடு சேர்ந்து ஆடையைக் களையுங்கள் என்கிற மாதிரி ஆகிவிடும்.

படி 6: நம்மூர் வழக்கில் சறுக்கும் இடங்கள்

இந்திய ஆங்கிலம் தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. சென்னைக்குள், பெங்களூருக்குள் அது ஜோராக ஓடும். கடல் தாண்டிப் போகும்போதுதான் சில சொற்கள் வேறு முகம் காட்டும்.

‘ஐ ஹேவ் எ டவுட்’ அதில் முதன்மையானது. நமக்கு டவுட் என்றால் கேள்வி, பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படித்தான். அமெரிக்கரின் காதில் அது அவநம்பிக்கை: நீங்கள் சொன்னது நடக்குமா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. ‘ஐ ஹேவ் எ குவிக் க்வெஸ்ச்சன்’ என்றோ, ‘ஐ அம் நாட் குவைட் க்ளியர் ஆன் திஸ் பார்ட்’ என்றோ சொல்லுங்கள். பின்னது மீட்டிங்கில் மிக நாகரிகமானது.

ரிப்பேர் என்றால் தமிழில் கெட்டுப்போனது, ஆங்கிலத்தில் சரிசெய்வது. ‘த ஏசி இஸ் ரிப்பேர்’ என்று ஹோட்டல் கவுண்டரில் சொன்னால் ஆள் விழிப்பார். ‘த ஏசி இஸ் நாட் வொர்க்கிங்’ என்றால் போதும். சிஸ்டம் ஹேங் ஆனதற்கு ‘மை கம்ப்யூட்டர் கீப்ஸ் ஃப்ரீஸிங்’. ‘ஹேங்டு’ என்றால் தூக்கில் போட்ட கதை. கரண்ட் போனதற்கு ‘த பவர்ஸ் அவுட்’. டென்ஷனுக்கு ‘ஐ அம் எ பிட் ஸ்ட்ரெஸ்ட்’. ‘டென்ஸ்டு’ என்று நாம் சொல்வது அவர்களுக்குத் தசை இறுகியது போலக் கேட்கும்.

உடம்பு சரியில்லை என்று லீவு கேட்கும்போது நாம் கொடுக்கும் விவரம் சில சமயம் டாக்டருக்கே அதிகம். ‘லூஸ் மோஷன்’ என்று மேனேஜருக்கு எழுத வேண்டாம். ‘அப்செட் ஸ்டமக்’ என்றால் அவர் மேற்கொண்டு கேட்க மாட்டார். பொதுவாக ஏதோ சரியில்லை என்றால் ‘ஃபீலிங் எ பிட் அண்டர் த வெதர்’. இதை வைத்துக்கொண்டு ஒரு நாள் லீவு எடுக்கலாம். ஒரு வாரம் எடுக்க முடியாது, அந்தத் தொடருக்கு அவ்வளவு பலம் இல்லை.

தாமதத்துக்கு ‘ரன்னிங் எ பிட் லேட்’. ஆபீஸில் மாட்டிக்கொண்டால் ‘ஐ காட் ஹெல்ட் அப் அட் வொர்க்’. பேங்கில் மாட்டிக்கொண்டால் மட்டும் வேறு ஏதாவது சொல்லுங்கள். ‘ஹெல்ட் அப்’ என்பதற்குத் துப்பாக்கி காட்டிக் கொள்ளையடிக்கப்பட்ட பொருளும் இருக்கிறது. காரணம் சொல்ல விருப்பமில்லை என்றால் ‘சம்திங்ஸ் கம் அப்’. திடீரென்று ஒரு வேலை வந்துவிட்டது என்ற இந்தத் தொடருக்குப் பின்னால் என்ன வேலை என்று துருவுவது அங்கே மரியாதை இல்லை. நம்மூரில் இது எடுபடாது, ஜாதகம் வரைக்கும் கேட்பார்கள்.

படி 7: கேட்பவர் யார் என்று பாருங்கள்

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். இயந்திரத்துக்குள் ஸ்பேனர் விழுந்த மாதிரி திட்டம் கெட்டுப்போனதை பிரிட்டனில் ‘எ ஸ்பேனர் இன் த வொர்க்ஸ்’ என்பார்கள், அமெரிக்காவில் ஸ்பேனர் இருந்த இடத்தில் ‘மங்கி ரென்ச்’. ஒன்றுமில்லாததற்கு ஆர்ப்பாட்டம் லண்டனில் ‘ஸ்டார்ம் இன் எ டீகப்’, நியூயார்க்கில் ‘டெம்பெஸ்ட் இன் எ டீபாட்’. மாற்றிச் சொன்னாலும் புரிந்துகொள்வார்கள். உண்மையில் கவனிக்க வேண்டியது பிரிட்டிஷ்காரரின் அளவுகோல். அவர் ‘எ பிட் ஆஃப் அன் இஷ்யூ’ என்றால் எழுந்து உட்காருங்கள். அமெரிக்கர் அதே தொடரைச் சொன்னால் அநேகமாக அது நிஜமாகவே சின்ன இஷ்யூதான். ஜெர்மனி, நெதர்லாந்துக்காரர்களுக்கு எழுதும்போது அணி எதுவும் வேண்டாம். ‘த பார்ட் இஸ் லேட் பை டூ டேஸ்’ என்றால் அவர்கள் சந்தோஷப்படுவார்கள்.

படி 8: சின்னச் சொல் கூடவே கூடாத இடங்கள்

1990 ஜனவரி 25. கொலம்பியாவிலிருந்து நியூயார்க் வந்த ஏவியான்கா 52 விமானம் மோசமான வானிலையால் வானத்திலேயே சுற்ற வைக்கப்பட்டது. எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. விமானிகள் ‘ப்ரையாரிட்டி’ வேண்டும் என்றார்கள், ‘வி ஆர் ரன்னிங் அவுட் ஆஃப் ஃப்யூயல்’ என்றும் சொன்னார்கள். ‘எமர்ஜென்சி’ என்ற சொல்லை மட்டும் கட்டுப்பாட்டு அறையிடம் சொல்லவே இல்லை. அந்தச் சொல்லுக்குத்தான் அங்கே வழி ஒதுங்கும். லாங் ஐலண்டில் விமானம் விழுந்து 73 பேர் இறந்தார்கள். ஸ்பானிய மொழியில் வளர்ந்த விமானிகள், ஆங்கிலத்தில் பேசிய கட்டுப்பாட்டாளர்கள். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத நமக்கும் இது அந்நியக் கதை அல்ல.

உயிர், உடம்பு, தீ, மின்சாரம், மருந்து சம்பந்தப்பட்ட இடத்தில் ஸ்லைட், ஸ்மால், எ பிட் எதுவும் வேண்டாம். நெஞ்சு வலித்தால் ‘ஐ ஹேவ் செஸ்ட் பெயின்’. ‘எ பிட் ஆஃப் டிஸ்கம்ஃபர்ட்’ என்று நாகரிகம் பார்த்தால் வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் வரிசையின் கடைசியில் உட்காரவைத்துவிடுவார்கள். பதற்றத்தில் நாக்கு குழறினாலும் ‘இட் இஸ் அன் எமர்ஜென்சி’ என்ற வாக்கியத்தைத் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லும்படி பழகி வையுங்கள்.

தப்பு உங்கள் பக்கம், நஷ்டம் அடுத்தவருக்கு என்றாலும் சின்னச் சொல் எடுபடாது. வாடிக்கையாளரின் தரவு தொலைந்துவிட்டது என்றால் அதைக் கிளிட்ச் என்று அழைக்கும் உரிமை உங்களுக்கு இல்லை. அது சின்னதா பெரியதா என்று முடிவு செய்ய வேண்டியவர் அவர். ‘வி மேட் எ மிஸ்டேக்’ என்று தொடங்குங்கள். சொந்த வீட்டில் இழவு விழுந்தவரிடம் ‘ஐ நோ இட்ஸ் எ டிஃபிகல்ட் டைம்’ என்பதற்கு மேல் அலங்காரம் எதுவும் தேவையில்லை.

படி 9: தீர்ந்ததையும் சொல்லுங்கள்

பலர் கோட்டை விடுவது இங்கேதான். சிக்கலை அறிவித்தவர் அது தீர்ந்ததை அறிவிப்பதில்லை. மான்செஸ்டர்காரர் செவ்வாய்க்கிழமை தானாக மெயில் போட்டுக் கேட்க வேண்டியதாகிறது. நான்கைந்து சொல்லில் முடியும் வேலை. ‘ஆல் சார்ட்டட் நௌ’ என்பது பிரிட்டிஷ் பாணி. சர்வர், இணையதளம், இயந்திரம் என்றால் ‘வி ஆர் பேக் அப் அண்ட் ரன்னிங்’. தொடக்கக்காலக் குறைகளை ஒவ்வொன்றாகக் களைந்துவிட்டீர்கள் என்றால் ‘வி ஹேவ் அயர்ன்ட் அவுட் த கிங்க்ஸ்’, இஸ்திரி போட்டு மடிப்பை எடுத்த கணக்கு. சரக்குக்கோ, ‘யுவர் ஆர்டர் லெஃப்ட் திஸ் மார்னிங்’ என்று எழுதி, கூரியர் எண்ணையும் கீழே போட்டுவிடுங்கள்.